பூவா, தலையா என்று பார்க்கலாமா?

டாக்கா நகரில் 2024-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் 8-ந் தேதி ஒரு கால்பந்து ஆட்டம் நடந்தது.

ஆடியவர்கள் எல்லோரும் பெண்கள். 19 வயதுக்கு உட்பட்டவர்கள்.

ஒரு பக்கம் இந்தியா. மறு பக்கம் வங்காளதேசம். தெற்கு ஆசிய நாடுகளின் இளம் பெண்கள் கோப்பைக்கு அது இறுதி ஆட்டம். நேபாளமும் பூட்டானும் முந்திய ஆட்டங்களிலேயே வெளியேறி விட்டன.

ஆட்டம் தொடங்கி 8-வது நிமிடம். இந்தியாவின் சிபானி தேவி ஒரு கோல் போட்டார்.

அதன் பிறகு வங்காளதேசப் பெண்கள் விடாமல் மோதினார்கள். இந்தியப் பெண்கள் விடாமல் தடுத்தார்கள். 90 நிமிடமும் முடிந்தது. நடுவர் கூட்டிக் கொடுத்த சில நிமிடங்கள் மட்டுமே பாக்கி. கோப்பை இந்தியாவுக்குத்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

அப்போது வங்காளதேசத்தின் சாகரிகா பந்தை வலைக்குள் தள்ளினார்!

ஆளுக்கு ஒரு கோல். சரிக்குச் சரி.

இருபத்திரண்டு உதை

இப்படிச் சரிசமமாக நின்றால், வெற்றியை முடிவு செய்ய ஒரு வழி உண்டு. அதற்குப் பெனால்டி முறை என்று பெயர்.

கோலுக்கு நேரே, 11 மீட்டர் தூரத்தில் பந்தை வைப்பார்கள். கோலைக் காக்க ஒரே ஒருவர் நிற்பார். எதிர்ப் பக்கத்தில் இருந்து ஒருவர் வந்து உதைப்பார். முதலில் பக்கத்துக்கு ஐந்து பேர். அதிலும் முடிவு தெரியாவிட்டால் ஆறாவது ஆள், ஏழாவது ஆள் என்று போகும்.

அன்று பதினோரு பேரும் உதைத்தார்கள். கோலைக் காக்கும் பெண்கள்கூட உதைத்தார்கள். ஒருவரும் தவறவிடவில்லை. 22 உதை. 22 கோல்!

இப்படி ஓர் ஆட்டத்தைப் பார்ப்பது அபூர்வம். பெண்களுக்கு நெஞ்சுரம் போதாது என்று சொல்பவர்கள் அன்று அந்த மைதானத்தில் இருந்திருக்க வேண்டும்.

காசு சுண்டினார்கள்

அதன் பிறகுதான் வினை வந்தது.

போட்டியை மேற்பார்வை செய்த அதிகாரி, இரண்டு அணித் தலைவிகளையும் அழைத்தார். ஒரு காசைச் சுண்டச் செய்தார். பூவா, தலையா?

காசு இந்தியாவின் பக்கம் விழுந்தது. இந்தியா ஜெயித்தது என்று அறிவிப்பு வந்தது. இந்தியப் பெண்கள் துள்ளிக் குதித்தார்கள். வங்காளதேசப் பெண்கள் மைதானத்தை விட்டுப் போக மறுத்தார்கள். "இது என்ன நியாயம்?" என்று கேட்டார்கள். பார்க்க வந்த கூட்டத்தில் சிலர் பாட்டில்களை வீசினார்கள்.

தவறு நடந்துவிட்டது என்பது அதிகாரிக்குப் பிறகு தெரிந்தது. மறுபடி உதைக்கலாம் என்றார். ஆனால் இந்திய அணி மைதானத்தை விட்டுப் போயிருந்தது. திரும்பி ஆட வரவில்லை. வெகு நேரம் பேச்சு நடந்தது. கடைசியில், இரண்டு நாடுகளும் கோப்பையைப் பங்கு போட்டுக் கொள்ளட்டும் என்று முடிவாயிற்று.

இதில் ஆடிய பெண்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை. இரண்டு பக்கத்துப் பெண்களும் தங்கள் கடமையைச் செய்தார்கள். தவறு எங்கே?

கால்பந்துக்குச் சட்டப் புத்தகம் இருக்கிறது. பதினோரு பேரும் உதைத்து முடித்த பிறகும் சரிசமம் என்றால், மறுபடி ஒரு சுற்று தொடங்க வேண்டும். ஒருவர் தவறும் வரை அது நடக்க வேண்டும். எத்தனை சுற்று ஆனாலும் சரி. வெற்றியைக் காசு சுண்டி முடிவு செய் என்று அந்தப் புத்தகத்தில் இல்லை.

ஒரு காலத்தில் அப்படி இருந்தது உண்மை. 1968-ல் ஐரோப்பியக் கோப்பைப் போட்டியில் இத்தாலியும் சோவியத் ரஷ்யாவும் அரை இறுதியில் மோதின. நேப்பிள்ஸ் நகரில் ஆட்டம். யாரும் கோல் போடவில்லை. காசு சுண்டினார்கள். இத்தாலி ஜெயித்தது. பிறகு கோப்பையையும் வென்றது.

உழைத்தவனைக் காசு தோற்கடிக்கலாமா என்ற கேள்வி எழுந்தது. 1970-ல் பெனால்டி முறை சட்டமாக வந்தது.

1968-ல் வேறு வழி இல்லை. காசு சுண்டினார்கள். 2024-ல் வழி இருந்தது. இருந்தும் காசு சுண்டினார்கள். அதுதான் குற்றம்.

இங்கே தினமும் சுண்டுகிறார்கள்

டாக்காவில் நடந்ததற்கு ராஜபாளையத்தில் இருப்பவர் ஏன் கவலைப்பட வேண்டும்?

காரணம் இருக்கிறது. டாக்காவில் ஒரு நாள் சுண்டிய காசை, இங்கே தினமும் சுண்டுகிறார்கள்.

மூன்று சிறுமிகள் இருப்பதாக வைத்துக் கொள்ளுங்கள். ஒருத்தியின் தகப்பனார் ராஜபாளையத்தில் நூற்பாலைத் தொழிலாளி. இன்னொருத்தியின் தாயார் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறியில் வேலை செய்கிறார். மூன்றாவது பெண்ணின் வீட்டார் ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டிப் பிழைக்கிறார்கள்.

மூன்று பேருக்கும் வயது 12. மூன்று பேரும் நன்றாக ஓடுவார்கள். பந்தைக் கண்டால் விட மாட்டார்கள்.

ஒருத்தியின் பள்ளிக்கூடத்தில் அக்கறை உள்ள உடற்பயிற்சி ஆசிரியை இருக்கிறார். அவள் ஆடுகிறாள்.

இன்னொருத்தியின் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை இருக்கிறார், பந்து இல்லை. பந்து இருந்தாலும் மைதானம் பையன்களுக்கே சரியாகப் போகிறது. அவள் ஓரமாக உட்கார்ந்து பார்க்கிறாள்.

மூன்றாவது பெண்ணுக்கு விளையாட்டு வகுப்பு என்று அட்டவணையில் எழுதி இருக்கிறது. அந்த நேரத்தில் கணக்கு வாத்தியார் வந்துவிடுகிறார்!

மூன்று பேரிடமும் திறமை உண்டு. ஆனால் யாருக்கு வாய்ப்பு என்பதைத் தீர்மானித்தது எது? அவர்கள் கால் அல்ல. காசுதான். பூ விழுந்தவள் ஆடுகிறாள். தலை விழுந்தவள் வீட்டுக்குப் போகிறாள்.

டாக்காவிலாவது கேட்க ஆள் இருந்தது. கூட்டம் கத்தியது. உலகப் பத்திரிகைகள் எழுதின. 12 வயதுப் பெண்ணின் விளையாட்டு நேரம் போனால் கேட்க யார் இருக்கிறார்கள்?

ஒரு கிராமத்தின் கதை

வங்காளதேசம் பணக்கார நாடு அல்ல. அங்கும் பெண் பிள்ளை அரைக்கால் சட்டை போட்டு ஓடுவதா என்று கேட்டவர்கள் உண்டு. அப்படி இருந்தும் அந்த நாட்டுப் பெண்கள் எப்படி முன்னுக்கு வந்தார்கள்?

கல்சிந்தூர் என்று ஒரு கிராமம். மைமன்சிங் மாவட்டத்தில், மேகாலய எல்லைக்கு அருகே இருக்கிறது. ஏழை விவசாயிகளும் கூலிக்காரர்களும் வாழும் ஊர்.

2011-ல் அந்த நாட்டு சர்க்கார் தொடக்கப் பள்ளிக்கூடங்களில் படிக்கும் சிறுமிகளுக்கு நாடு முழுவதும் கால்பந்துப் போட்டி தொடங்கியது. கல்சிந்தூர் பள்ளிக்கூடத்து ஆசிரியர் ஒருவர் சிறுமிகளைத் திரட்டினார். பழக்கினார். அவர்கள் மாவட்டத்தில் ஜெயித்தார்கள். பிறகு நாட்டிலேயே முதலாவதாக வந்தார்கள்.

அந்த ஒரு கிராமத்தில் இருந்து பல பெண்கள் தேசிய அணிக்குப் போனார்கள். அவர்கள் பெயரால் ஊருக்கு மின்சார விளக்கும் வந்தது!

வங்காளதேசப் பெண்கள் 2022-ல் தெற்கு ஆசியக் கோப்பையை வென்றார்கள். 2024-ல் மறுபடியும் வென்றார்கள். 2026-ம் ஆண்டு ஆசியக் கோப்பைக்கும் முதல் முறையாகத் தகுதி பெற்றார்கள்.

ஆசிரியர் நல்லவராக இருந்தது அந்த ஊரின் அதிர்ஷ்டம். ஆனால் அந்த ஆசிரியருக்கு ஒரு போட்டி வேண்டியிருந்தது. எல்லாப் பள்ளிக்கும் பொதுவான போட்டி. ஒவ்வோர் ஆண்டும் தவறாமல் வரும் போட்டி. அதை சர்க்கார் கொடுத்தது. அதிர்ஷ்டத்துக்குப் பின்னால் ஓர் ஏற்பாடு இருந்தது.

ஏற்பாடு இல்லாவிட்டால் என்ன ஆகும்? அதற்கு இந்தியாவே சாட்சி.

1980-ல் கோழிக்கோட்டில் நடந்த ஆசியப் பெண்கள் போட்டியில் இந்தியா இரண்டாம் இடம் பெற்றது. 1983-ல் பாங்காக் நகரில் மறுபடியும் இரண்டாம் இடம். ஆசியாவில் முன்வரிசையில் நின்ற நாடு அது. பிறகு பல ஆண்டுகள் பின்னால் போயிற்று. பெண்கள் மாறிவிட்டார்களா? இல்லை. அவர்களைத் தேடி எடுத்து வளர்க்கும் வேலை தொடர்ந்து நடக்கவில்லை.

2022-ல் 17 வயதுக்கு உட்பட்ட பெண்களின் உலகக் கோப்பை இந்தியாவிலேயே நடந்தது. அமெரிக்கா 8 கோல், மொராக்கோ 3 கோல், பிரேசில் 5 கோல் போட்டன. இந்தியா ஒரு கோலும் போடவில்லை. அந்த அணியின் தலைவி அஸ்தம் ஒராவ்ன், ஜார்க்கண்ட் மாநிலத்துக் கிராமப் பெண். மகளின் பெருமைக்காக ஊருக்குச் சாலை போட்டார்கள். அந்தச் சாலை வேலையிலேயே அவளுடைய தாயும் தகப்பனும் கூலிக்கு மண் சுமந்தார்கள் என்ற செய்தி நாட்டையே உலுக்கியது.

இப்போது காற்று மாறுகிறது. 2025 ஆகஸ்டில் பர்மாவின் ரங்கூன் நகரில், 20 வயதுக்கு உட்பட்ட இந்தியப் பெண்கள் ஒரு கோல் வித்தியாசத்தில் ஜெயித்தார்கள். 20 ஆண்டுகளுக்குப் பிறகு அந்த வயதினருக்கான ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்கள். அதே மாதம், பூட்டானில் நடந்த 17 வயதுக்கு உட்பட்டோர் தெற்கு ஆசியப் போட்டியிலும் கோப்பை இந்தியாவுக்கு வந்தது.

தமிழ்நாடு சளைத்ததா?

சளைக்கவில்லை.

பெண்கள் கால்பந்து என்றால் மணிப்பூர்தான் என்று ஒரு பேச்சு உண்டு. 2018-ல் கட்டாக் நகரில் நடந்த தேசியப் போட்டியின் இறுதி ஆட்டத்தில், அந்த மணிப்பூரைத் தமிழ்நாடு 2-க்கு 1 என்று வென்றது. 2023-ல் அமிர்தசரஸ் நகரில் அரியானாவை வென்று மறுபடி கோப்பையைக் கொண்டு வந்தது.

மதுரையைச் சேர்ந்த சேது கால்பந்துக் கழகத்துப் பெண்கள் 2019-ல் இந்தியப் பெண்கள் லீக் கோப்பையை வென்றார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் மதுரை!

கடலூர்ப் பெண் இந்துமதி கதிரேசன் இந்தியாவுக்காக ஆடினார். தமிழ்நாடு போலீசில் சப்-இன்ஸ்பெக்டர் ஆனார். பந்து உதைத்தால் சோறு கிடைக்குமா என்று கேட்பவர்களுக்கு இது பதில். விளையாட்டில் சிறந்தவர்களுக்குத் தமிழ்நாடு சர்க்கார் வேலையில் நூற்றுக்கு 3 இடம் ஒதுக்கி இருக்கிறார்கள்.

ஏணியும் இருக்கிறது. குறுவட்டப் போட்டி, மாவட்டப் போட்டி, மாநிலப் போட்டி என்று படிகள் இருக்கின்றன. ஆனால் ஏணியின் முதல் படி பள்ளிக்கூட மைதானம். அந்தப் படியில் கால் வைக்காதவள் மேலே ஏறுவது எப்படி?

பெற்றோர்களின் கேள்விகள்

பெண்ணைப் பெற்றவர்களுக்குக் கவலை இருப்பது இயற்கை. அதைக் கேலி செய்வது தவறு. பதில் சொல்ல வேண்டும்.

பெண் உடம்புக்கு இந்த ஆட்டம் தாங்குமா?

இதே கேள்வியை இங்கிலாந்திலும் கேட்டார்கள். அங்கே 1920-ல் பெண்கள் ஆடிய ஓர் ஆட்டத்தைப் பார்க்க 53,000 பேர் கூடினார்கள். அடுத்த ஆண்டே கால்பந்துச் சங்கம் தடை போட்டது. இது பெண்களுக்கு ஏற்ற ஆட்டம் அல்ல என்று காரணம் சொன்னது. தன் மைதானங்களைப் பெண்களுக்கு மூடியது. அந்தத் தடை போக 50 ஆண்டு ஆயிற்று. சொன்ன காரணம் பொய் என்பதை இங்கிலாந்துப் பெண்கள் பிறகு நிரூபித்தார்கள். 2022-ல் ஐரோப்பியக் கோப்பையை வென்றார்கள். 2025-ல் மறுபடியும் வென்றார்கள்.

அடி படாதா?

படலாம். எந்த ஆட்டத்திலும் படலாம். ஆடுவதற்கு முன் உடம்பைச் சூடேற்றும் பயிற்சிகள் செய்தால் காயம் குறையும். மாதவிலக்கு நாட்களிலும், உடம்பு இடம் கொடுத்தால் ஆடலாம். தடை இல்லை.

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. இந்தியாவில் 15 முதல் 19 வயது வரை உள்ள பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு ரத்த சோகை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கு இதைச் சொல்கிறது. மகனுக்கு முட்டை, மகளுக்கு ரசம் என்று பரிமாறும் வீட்டில் எந்த வீராங்கனையும் வளர மாட்டாள். விளையாடும் பெண்ணுக்கு முட்டை, கீரை, கடலை, பயறு, கேழ்வரகு வேண்டும். விளையாடாத பெண்ணுக்கும் வேண்டும்!

படிப்பு கெடாதா?

விளையாட்டுக்கு என்று நேரம் ஒதுக்கினால் கெடாது. பெண் பிள்ளையின் படிப்பைக் கெடுப்பது பெரும்பாலும் பந்து அல்ல. வீட்டு வேலையும், அவசரக் கல்யாணமும்தான். மாவட்ட அணியில் இடம் பிடித்த பெண்ணைப் பள்ளியில் இருந்து நிறுத்தப் பெற்றோர் இரண்டு தடவை யோசிப்பார்கள்.

வெளியூர் போனால் பாதுகாப்பு?

இது நியாயமான கேள்வி. ஆசிரியை ஒருவர் கூடப் போக வேண்டும். பெற்றோரில் இருவர் போகலாம். உடை மாற்ற மறைவான அறையும், நல்ல கழிப்பறையும் இல்லாத இடத்தில் பெண்களுக்குப் போட்டி வைக்கக் கூடாது. இதைப் பெற்றோர் துணிந்து கேட்க வேண்டும். பெண்ணை வீட்டில் வைத்துப் பூட்டுவதை விட, கேட்க வேண்டியதைக் கேட்பது மேல்.

செய்ய வேண்டியது என்ன?

கால்பந்து ஏழைகளின் ஆட்டம். மட்டை வேண்டாம். வலைகூட ஆரம்பத்தில் வேண்டாம். இரண்டு கல்லை நட்டால் கோல் ஆயிற்று. பந்து ஒன்று போதும். இருபது பேர் ஆடலாம். ஆகையால் பணம் இல்லை என்ற சாக்கு இங்கே செல்லாது.

முதலாவது: விளையாட்டு நேரம் விளையாட்டுக்கே. அதைக் கணக்குக்கோ அறிவியலுக்கோ கொடுக்கக் கூடாது.

இரண்டாவது: மைதானத்தில் பெண்களுக்கு நாள் குறிக்க வேண்டும். வாரத்தில் இரண்டு மாலை பெண்களுக்கு என்று எழுதிப் போடுங்கள். அன்று பையன்கள் வெளியே நின்று பார்க்கட்டும். அண்ணனும் தம்பியும் கைதட்டக் கற்றுக் கொள்ளட்டும்.

மூன்றாவது: ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் அரை மணி நேரப் பஸ் பயணம்தான். இரண்டு ஊர்ப் பெண்கள் பள்ளிகளும் ஆண்டுதோறும் ஒரு குறிப்பிட்ட நாளில் மோதட்டும். ஓர் ஆண்டு ராஜபாளையத்தில். மறு ஆண்டு ஸ்ரீவில்லிபுத்தூரில். ஆலை நடத்துபவர்களும், கடை வைத்திருப்பவர்களும் சேர்ந்து ஒரு கோப்பை கொடுக்கட்டும். கோப்பை சிறியதாக இருக்கலாம். தேதி தவறக் கூடாது.

நான்காவது: எல்லாப் பெண்களையும் ஒரு முறையாவது ஓட விட்டுப் பார்க்க வேண்டும். தெரிந்தவர் மகள், கேட்டு வந்தவர் மகள் என்று பொறுக்கக் கூடாது. தேர்வுக்கு ஒரு முறை வேண்டும். அது எல்லோருக்கும் தெரிந்த முறையாக இருக்க வேண்டும்.

இவ்வளவும் செய்தால் எல்லோரும் இந்தியாவுக்கு ஆடுவார்களா? மாட்டார்கள். நூற்றில் ஒருத்தி மாவட்டத்துக்குப் போகலாம். ஆயிரத்தில் ஒருத்தி மாநிலத்துக்குப் போகலாம். மற்றவர்கள் என்ன பெறுவார்கள்? திடமான உடம்பு. தோற்றால் துவளாத மனம். ஊர் பார்க்க ஓடினோம் என்ற தைரியம். அந்தத் தைரியம் ஆலையிலும் உதவும். அலுவலகத்திலும் உதவும். கல்யாணம் ஆன பிறகும் உதவும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஒரு பெண்ணின் பெயரால் புகழ் பெற்ற ஊர். ஆடிப் பூரத்தன்று ஆண்டாளுக்குத் தேர் ஓடுகிறது. அவ்வளவு பெரிய தேர் அதிர்ஷ்டத்தால் நகர்வது இல்லை. நாள் குறிக்கிறார்கள். வடம் பூட்டுகிறார்கள். ஆயிரம் கைகள் பிடித்து இழுக்கின்றன. சக்கரத்துக்குக் கட்டை போடுகிறவன்கூடத் தன் வேலையைச் சரியாகச் செய்கிறான்.

பெண் பிள்ளைகளின் விளையாட்டும் அப்படித்தான் நகர வேண்டும்.

தகப்பன் ஒரு கை. தாய் ஒரு கை. ஆசிரியை ஒரு கை. ஊர்ப் பெரியவர்கள் ஒரு கை. சர்க்கார் ஒரு கை.

காசை மடியில் முடிந்து வையுங்கள். வடத்தைப் பிடியுங்கள்!